தசைக்கும் உண்டு காந்த இயல்பு

மருத்துவர் "எம்.ஆர்.ஐ. ஸ்கேன்" எடுத்து வருமாறு சீட்டு எழுதித் தந்தால், நம் இல்லங்களில் இரண்டு கவலைகள் எழுகின்றன. ஒன்று செலவைப் பற்றியது. மற்றொன்று, குகை போன்ற அந்தக் கருவி உடலை என்ன செய்யுமோ என்பது. இரண்டாவதைப் பற்றி இம்மாதம் சிந்திப்போம்.

காந்தம் இரும்பை மட்டுமே அறியும் என்பது பொதுவான எண்ணம். அது முழு உண்மையன்று. தண்ணீர், மரம், இறைச்சி முதலியவற்றையும் வலிய காந்தம் மிக மெல்ல விலக்குகிறது என்பதை 1845-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். நம் தசையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இவ்விலக்கம் மிக நுண்ணியது. தண்ணீர் தன்னுள் புகும் காந்தப் புலத்தைப் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 9 பங்கே குறைக்கிறது.

இத்தகைய நுண்ணிய இயல்பை அளந்து புகழ் பெற்ற விஞ்ஞானி ஒருவர் நம் பக்கத்து ஊர்க்காரர். அவரே கே. எஸ். கிருஷ்ணன். 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்து, திருவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர். கல்கத்தாவில் சர் சி. வி. இராமனின் ஒளி ஆராய்ச்சியில் துணைநின்றபின், டாக்கா பல்கலைக்கழகத்தில் படிகங்களின் காந்த இயல்பை ஆராய்ந்தார். சிறு படிகத்தை மெல்லிய இழையில் கட்டி, காந்த முனைகளுக்கிடையே தொங்கவிட்டு, அது திரும்பும் விசையை அளந்தார். அதனைக் கொண்டே, படிகத்தினுள் மூலக்கூறுகள் அடுக்கப்பட்டுள்ள விதத்தை அறிந்து கூறினார். 1947-இல் புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார், 1961-இல் மறைந்தார். ஸ்கேன் கருவியை ஆக்கியவர் அவரல்லர். ஆயினும், பொருளை உடைக்காமலே அதன் உள்ளமைப்பைக் காந்தத்தால் அறிய முயன்ற முன்னோடிகளுள் அவரும் ஒருவர்.

காந்தத்தின் துணைகொண்டு பால் லாட்டர்பர் எடுத்த படம் 1973-இல் வெளிவந்தது. நம் உடலில் பாதிக்குமேல் தண்ணீர். அதிலுள்ள ஹைட்ரஜன் அணுவின் கரு ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம் போன்றது. வலிய புலத்தில் அவை ஓரளவு ஒழுங்குபடுகின்றன. வானொலி அலை அவற்றைத் தட்டி அசைக்கிறது. அலை நின்றதும் அவை பழைய நிலைக்குத் திரும்புகையில் மெல்லிய சைகை தருகின்றன. கொழுப்பு, தசை, கட்டி ஒவ்வொன்றிலும் திரும்பும் வேகம் வேறு, அவ்வேறுபாடே படமாகிறது. இதில் எக்ஸ்ரே கதிர் இல்லை.

இரத்தத்திலும் ஒரு விந்தை உண்டு. பிராணவாயு ஏற்ற இரத்த நிறமியைக் காந்தம் விலக்குகிறது. அதை இழந்த நிறமியை ஈர்க்கிறது. இதனை 1936-இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் கண்டனர். இதனால் மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவும் படத்தில் தெரிகிறது. அடிக்கடி இரத்தம் ஏற்றப்படும் தலசீமியா குழந்தைகளின் ஈரலில் சேரும் இரும்பையும், ஊசி குத்தித் தசை எடுக்காமலே மதிப்பிடலாம்.

அவ்வாறாயின் அஞ்ச வேண்டியது எது? உலோகமே. பெரும்பாலான கருவிகளின் புலம் பூமியின் காந்தத்தைவிட 30,000 மடங்குக்கும் மேல் வலியது. படம் எடுக்காத வேளையிலும் அது ஓய்வதில்லை. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி பருத்தியாதலால் தீங்கில்லை. ஆனால் சேலையின் சரிகை சூடேறக்கூடும். ஊக்கும் கொண்டை ஊசியும் பாயக்கூடும். துணைக்குச் செல்பவரின் சாவிக்கொத்தும் அவ்வாறே.

பட்டறையிலோ மில்லிலோ வேலை செய்தபோது கண்ணில் இரும்புத் தூள் பட்டதுண்டா? இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா? எலும்பில் தகடு உண்டா? இவற்றை நாணமின்றி முன்கூட்டியே சொல்லுங்கள். சில தகடுகளும் புதிய பேஸ்மேக்கர்களும் தகுந்த ஏற்பாட்டுடன் அனுமதிக்கப்படுகின்றன. அவற்றைப் பொருத்திய மருத்துவமனை தந்த அட்டையைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.

தாய்மாரே, தாலியைக் கழற்றத் தயங்காதீர்கள். பொன்னைக் காந்தம் இழுக்காதெனினும், அதன் கொக்கியில் இரும்பு இருக்கலாம், படமும் கெடும். திருமணப் பிணைப்பு உலோகத்தில் இல்லை. செபமாலையையும் சிலுவைப் பதக்கத்தையும் வெளியே இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, மனத்தால் செபித்தபடி உள்ளே செல்லுங்கள்.