முப்பந்தல் காற்றில் ஒரு புதிய வண்டி

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே தேய்ந்து முடியும் இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் என்றொரு திறப்பு இருக்கிறது. வைகாசி பிறந்து தென்மேற்குப் பருவம் வலுத்துவிட்டால், அந்தத் திறப்பின் வழியே புகுந்து வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காற்றாலைகள் நிற்கின்றன. மின்சாரத்துக்கு அநுகூலமான அந்தக் காற்று, நாகர்கோவிலிலிருந்து காவல்கிணற்றுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு, அதிலும் ஓட்டக் கற்று இன்னும் கை பழகாதவர்களுக்கு, எவ்வளவு பெரிய சோதனை என்பதை ஆனி, ஆடி மாதங்களில் அந்தச் சாலையில் ஒரு தடவை போய் வந்தவர்கள் அறிவார்கள்.

என் தங்கையின் மகள் காவல்கிணற்றை அடுத்த ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். விடியற்காலையில் எழுந்து, ஒரு பேருந்து விட்டு இன்னொரு பேருந்து பிடித்து, இறங்கிய இடத்திலிருந்து வெயிலில் நடந்து பள்ளிக்கூடம் போய்ச் சேருவதிலேயே பாதி சக்தி செலவாகிவிடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அண்ணன் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போன பிறகு முற்றத்தில் உறை போட்டு நின்ற அவனுடைய நூற்றைம்பது சி.சி. மோட்டார் சைக்கிளை எடுத்து ஓட்டுவதென்று தீர்மானித்தாள். ஸ்கூட்டர் வாங்கிக்கொள் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். வீட்டில் ஒரு வண்டி சும்மா நிற்க இன்னொன்றுக்குத் தவணை கட்ட அவளுக்கு மனம் வரவில்லை. பெரிய சக்கரமுள்ள வண்டி அந்தச் சாலைக்கு நல்லது என்றும் ஒரு கணக்கு வைத்திருந்தாள். கணக்கு சரியானதுதான். ஆனால், வண்டியில் ஏறி உட்கார்ந்து என்ஜின் உறுமத் தொடங்கியதும் அவள் முகம் வெளிறிவிட்டது. “கை வெறைச்சுப் போவுது மாமா” என்றாள்.

பயமாக இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை, கை விறைத்துப் போகிறது என்றுதான் சொன்னாள் என்பதை நான் கவனித்துக்கொண்டேன். அவளுக்குக் கற்பிப்பதற்கு வேண்டிய சூத்திரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது. சுற்றி நின்றவர்கள், நம்மவர் வழக்கப்படி, பயப்படாதே, தைரியமாக ஓட்டு என்றார்கள். அன்பினால் சொன்ன வார்த்தைதான். ஆயினும், பயப்படாதே என்று சொன்னதனால் பயம் நீங்கிய ஒருவரை நான் இதுவரை கண்டதில்லை. நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு யந்திரத்தை, இரண்டே சக்கரங்களின் மேல் நிறுத்தி, லாரியும் பேருந்தும் விரையும் பாதையில் செலுத்தப் போகிற ஒருவருக்குப் பயம் உண்டாவதை விவேகத்தின் அடையாளம் என்றே நான் கருதுகிறேன். அந்தப் பயம் மனத்தில் இருக்கும் வரையில் ஒரு தீங்கும் இல்லை. அது தோளுக்கும் முழங்கைக்கும் விரல்களுக்கும் இறங்கி வரும்போதுதான் அபாயம் தொடங்குகிறது.

அது எப்படி என்று சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் செங்குத்தாக இல்லாமல் சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கைப்பிடி எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சை நேரே தரை வரையில் நீட்டிப் பார்த்தால், அது தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னாலேதான் சக்கரம் தரையில் பதிந்திருக்கும். இந்த அமைப்பு முக்கியமான ஒரு காரணமாக, ஓடுகிற வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துக்கே முன்சக்கரம் தானாகத் திரும்பி, சாய்ந்த வண்டியை நிமிர்த்திக் கொடுக்கிறது. மிதமான வேகம் வந்துவிட்ட பிறகு, வண்டியை விழாமல் தாங்குவதற்கு ஓட்டுகிறவர் பெரிய பிரயத்தனம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அதன் சுபாவத்துக்குக் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும். பயந்தவரோ கைப்பிடியை இறுகப் பற்றி, முழங்கையை நீட்டி விறைத்துக்கொண்டு, தானாகத் திரும்ப வேண்டிய சக்கரத்தைத் திரும்பவிடாமல் செய்துவிடுகிறார். வண்டி தள்ளாடுகிறது. தள்ளாடுவதைக் கண்டு பிடி இன்னும் இறுகுகிறது. வலக்கைப் பிடியிலேயே ஆக்ஸிலேட்டர் இருப்பதால், இறுக்கிய கை தன்னையறியாமல் அதைத் திருக, வண்டி திடீரென்று முன்னே பாய்கிறது. இவ்விதம், பயம் தானே ஒரு காரணத்தை உற்பத்தி செய்துகொண்டு, பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேன் என்று மனத்தினிடம் திரும்பி வருகிறது. இந்தச் சுழலைக் கையில்தான் அறுக்க முடியும். உபதேசத்தினால் அறுக்க முடியாது.

ஆகவே வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளி மைதானத்தில், விடுமுறை நாட்களின் காலையில், என்ஜினை நிறுத்தி வைத்தே ஆரம்பித்தோம். வண்டியைப் பக்கத்தில் நின்று தள்ளிக்கொண்டு போவது, ஏறி உட்கார்ந்து காலால் உந்திப் போவது, எவ்வளவு சாய்ந்தால் கனம் காலில் இறங்குகிறது என்று இடமும் வலமும் சாய்த்துப் பார்ப்பது ஆகியவற்றை அவள் சலிப்பில்லாமல் செய்தாள். அதன் பிறகு என்ஜின். முதல் கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், இடக்கையின் கிளட்சை மட்டும் மயிரிழை மயிரிழையாக விட்டுக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் என்ஜினின் சுருதி சற்றே தாழ்ந்து வண்டி மெல்ல அசையும். அந்த இடத்திலேயே நிறுத்தி, மறுபடி கிளட்சைப் பிடித்துவிட வேண்டும். ‘ஆஃப் கிளட்ச்’ என்று மெக்கானிக்குகள் சொல்லும் அந்த இடத்தை விரல்கள் அறிந்துகொள்ளும் வரையில் வேறெதையும் கற்பிக்கலாகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். வண்டி ‘ஆஃப்’ ஆகி ஆகி நின்று, பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிக்க, நடுச்சாலையில் வெட்கத்தோடு ஸ்டார்ட் செய்யும் அவஸ்தைதான் புதியவர்களின் பயத்தில் பெரும் பகுதி. அந்தப் பகுதியை மைதானத்திலேயே தீர்த்துவிடலாம்.

விறைத்த கையைத் தளர்த்துவதற்கு ஓர் உபாயம் செய்தேன். வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஓட்டச் சொன்னேன். பயந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பேச இயலாது. என்ன பேசுவது என்று கேட்டவள், பிறகு தன் மூன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் உள்ள குழந்தைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு மைதானத்தைச் சுற்றத் தொடங்கினாள். நான் வேப்ப மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நேர்ப் பாதையில் பெயர்கள் தங்குதடையின்றி வந்தன. கால்பந்துக் கம்பத்தின் அருகே வளைய வேண்டிய இடம் வந்ததும் சரியாக ஒரு பெயரின் நடுவில் குரல் நின்றுபோகும். கம்பத்தைத் தாண்டியதும் விட்ட பெயரின் மிச்சம் வரும். பயம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை இதைவிடத் துல்லியமாக யாரும் காட்டியிருக்க முடியாது. அவள் கம்பத்தின் மேல் மோதிவிடுவோமோ என்று கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கிற திசையிலேயே தலையும் தோளும் திரும்ப, வண்டியும் அங்கேயே போயிற்று. “மக்ளே, கம்பத்தப் பாக்காத, வளஞ்சு போயி எங்க நிக்கணுமோ அங்க பாரு” என்றேன். பெயர்கள் அறுபடாமல் வரத் தொடங்கிய பிறகுதான் இரண்டாவது கியருக்குப் போனோம்.

தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஜோசஃப் வோல்பி என்ற மனோதத்துவ வைத்தியர் 1958-இல் வெளியிட்ட தம் நூலில், சரீரத்தின் இளக்கமும் பயமும் ஒரே சமயத்தில் ஒருவரிடம் இருக்க முடியாது என்பதை ஆதாரமாகக் கொண்டு, அச்சம் குறைந்த சந்தர்ப்பத்திலிருந்து அதிகமான சந்தர்ப்பத்துக்குப் படிப்படியாக அழைத்துச் செல்லும் சிகிச்சை முறையை விளக்கினார். உறவுக்காரப் பையனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு முதல் நாளே கடைத்தெருவில் ஓட்டப் பழகுவதும், அவன் பின்னாலிருந்து ‘பிரேக், பிரேக்’ என்று கத்துவதும் அந்த முறைக்கு நேர் விரோதமானவை. அப்படிப் பழகியவர்கள் பலர் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பது உண்மைதான். அப்படிப் பழகப் போய் வண்டியையே வெறுத்து ஒதுங்கிவிட்ட பெண்களையும் நான் அறிவேன்.

போவதற்கு முன்னால் நிற்கக் கற்க வேண்டும். நம் ஊர்ப் பக்கங்களில் ‘முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்’ என்று ஒரு புத்திமதி தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. இது தீங்கான புத்திமதி. ஓடுகிற வண்டியை நிறுத்த முயலும்போது கனம் முன்சக்கரத்தின் மேல் சாய்வதால், நிறுத்தும் சக்தியில் பெரும் பங்கு முன்சக்கரத்துக்கே சேர்ந்தது. அமெரிக்காவில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவர், லாஸ் ஏஞ்சலீஸ் வட்டாரத்தில் நடந்த தொள்ளாயிரம் மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் அளித்த அறிக்கையில், விபத்துக்கு உள்ளானவர்களில் பெரும்பாலோர் பின் பிரேக்கை மட்டுமீறி மிதித்துச் சக்கரத்தை வழுக்கவிட்டு, முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தாமல் இருந்ததைக் கண்டார். அவர்களில் நூற்றுக்கு 92 பேர் தாமாகவோ, குடும்பத்தாரிடமோ, நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் விபத்துக்குள்ளான அந்த வண்டியில் ஐந்து மாத அனுபவம்கூட இல்லாதவர்கள். இந்தக் கடைசிச் செய்தியை, பயம் முற்றிலும் நீங்கிவிட்டதென்று மகிழ்கிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் பதினொரு மீட்டர் கடந்துவிடும். கண் கண்டதைக் கை செய்வதற்குள் அந்த ஒரு விநாடி போய்விடும். ஆகவே மைதானத்தில் கோடு கிழித்து, கோட்டைக் கண்டதும் நான்கு விரல்களாலும் முன் பிரேக்கை ஒரே வீச்சில் பிடுங்காமல் இறுக்கி இறுக்கிப் பிடிப்பதும், அதே சமயம் வலக்காலால் பின் பிரேக்கை அளவோடு மிதிப்பதும் அவளுக்கு அப்பியாசமாயின. 2019 ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டிருப்பது மிகவும் நல்ல காரியம். ஆனாலும் சாலையோர மணலில் எந்தக் கருவியும் விவேகத்துக்கு ஈடாகாது. எங்கே நிற்க நினைத்தாளோ அங்கே நிற்க முடிகிறது என்று கண்ட காலையில் அவள் முகத்தில் வந்த தெளிவு, வேகமாக ஓட்டியதனால் ஒருபோதும் வந்திராது.

லைசென்ஸ் பரீட்சையில் ‘எட்டு’ போடச் சொல்வதைப் பலர் அர்த்தமற்ற சடங்கு என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஆஃப் கிளட்ச், பின் பிரேக்கின் மெல்லிய அழுத்தம், வளைவின் கடைசியை நோக்கிய பார்வை, தளர்ந்த கை இவ்வளவும் சேராமல் காலை ஊன்றாது எட்டுப் போட முடியாது. நெரிசலில் வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்து போகத் தேவையான திறமை முழுவதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

மாசி, பங்குனியில், காற்று அடங்கியிருக்கும்போதே சாலைக்கு வந்துவிட்டோம். அவள் முன்னே போக நான் என் வண்டியில் பின்னே போனேன். தோவாளைப் பூச்சந்தைக்கு வந்து திரும்பும் வேன்களும் ஆட்டோக்களும் அதிகாலையிலேயே ஓயத் தொடங்கிவிடும்; ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பிறகு பாதை சாவகாசமாக இருக்கும். பருவம் மாறி, முப்பந்தலில் காற்றாலைகளின் இறக்கைகள் ஓயாது சுழலத் தொடங்கிய காலத்தில், அவளுக்குத் தெரிய வேண்டியது புதிதாக ஒன்றுமில்லை. மைதானத்தில் கற்றதையே காற்றில் செய்ய வேண்டியிருந்தது. மரமும் கட்டடமும் மறைக்கிற இடங்களில் காற்று இருப்பதே தெரியாது. வெளி திறந்த கணத்தில் ஒரு தள்ளு. பக்கத்தில் ஒரு பேருந்து முந்திப் போகும்போது அது காற்றை மறைத்துக்கொள்ள, காற்றை எதிர்த்துச் சாய்ந்திருந்த வண்டி பேருந்தின் பக்கமாக ஒரு சாண் நகரும். பேருந்து கடந்ததும் மறுபடி பழைய தள்ளு. இந்த இடத்தில் கையை இறுக்குகிறவர்கள் சாலைக்கு வெளியே போகிறார்கள். வேகத்தைக் குறைத்து, முழங்காலால் பெட்ரோல் டாங்கை அணைத்துப் பிடித்து, முழங்கையை மடக்கித் தளரவிட்டு, சாலையின் விளிம்பை ஒட்டிப் போகாமல் இரு பக்கமும் சற்று இடம் விட்டுக்கொண்டால், வண்டி காற்றின் மேல் சாய்ந்து தன் பாதையைத் தானே தேடிக்கொள்ளும். முதல் தடவை காவல்கிணறு போய்ச் சேர்ந்து தலைக்கவசத்தைக் கழற்றியபோது, “பேரு சொல்லிட்டே வந்தேன் மாமா, ரெண்டு வாட்டி நின்னு போச்சு” என்றாள். எந்த இரண்டு இடங்கள் என்று நான் கேட்கவில்லை. பின்னால் வந்த எனக்கும் அந்த இரண்டு இடங்களிலும் நெஞ்சு பதைத்தது.

பழகுநர் லைசென்ஸ் ஆறு மாத காலம் செல்லும். முப்பது நாள் கழித்துப் பரீட்சைக்குப் போகலாம். அதற்கிடையில், லைசென்ஸ் உள்ளவர் கற்பிப்பதற்காக உட்காருவதைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது என்பதும், பதினெட்டு சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையாத வெள்ளைப் பலகையில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து சிவப்பில் இருக்க வேண்டும் என்பதும் விதி. புதியவர்கள் அந்த எழுத்தை மாட்டிக்கொள்ள வெட்கப்பட வேண்டாம். பேருந்தும் லாரியும் காரும் ஓட்டும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இது: அந்தச் சிவப்பு எழுத்தைக் கண்டால் ஹார்னிலிருந்து கையை எடுத்துவிடுங்கள், பாதை திறக்கும் வரையில் பொறுமையாகப் பின்னால் வாருங்கள், முந்தும்போது ஒரு வண்டியின் அகலமாவது விலகி முந்துங்கள்.