மிஷின் மேல் பழி

"மிஷினில் ஏற்றினார்கள், ஆள் போய்விட்டான்!" பள்ளிகொண்டா டீக்கடையில் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். பாவம், மிஷின்! சிறுநீரகம் கெட்டவனுக்குப் பொதுவாக வாரம் மூன்று தடவை, சுமார் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் வேண்டும். தவறினால் நுரையீரலில் நீர் கோக்கும். பொட்டாசியம் ஏறி இருதயமே நின்றுவிடக்கூடும்.

வைத்தியம் தூரத்தில் இல்லை. 1971-லேயே மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பக்கத்து வேலூரில் இருக்கிறது. சிகிச்சைக்கு அரசாங்கக் காப்பீடும் உண்டு. ஆனால் தோல் ஷாப்புக் கூலிக்காரன் வாரத்தில் மூன்று நாள் கூலியை இழந்தால், அவன் வீட்டு அடுப்புக்கு யார் காப்பீடு? பசிதான் அவனை நாள் தவறச் செய்கிறது. கூலிக்கு ஈடு கொடுக்காமல், மிஷினுக்கு மட்டும் மாலை போட்டுத் திறப்புவிழா நடத்துவது என்ன தர்மம்?

பெருமாள் பள்ளிகொள்ளட்டும், ஐயா, நாம் தூங்கலாமா?