கறிவேப்பிலைக்கு பி-காம்ப்ளெக்ஸ்



போன மாதம் புணேயில் எங்கள் கோத்ருட் வீட்டு பால்கனியில் கறிவேப்பிலைக் கன்று வெளுத்துப்போனது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கி மிச்சமிருந்த பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளை நுணுக்கிக் கரைத்து ஊற்றினாள் என் மனைவி. அடித்தட்டில் வடிந்த தண்ணீர்கூட மஞ்சள் மஞ்சளாக இருந்தது. செடி அசைந்து கொடுக்கவில்லை. "மனுஷனுக்கு ஆகிறது செடிக்கு ஆகாதா?" என்று கேட்டாள்.

இந்த நம்பிக்கையைப் பரப்பியதில் எங்களைப் போன்ற தோட்ட இதழ்காரர்களுக்கும் பங்கு உண்டு. 1930-களில் கலிஃபோர்னியாவில் ஜேம்ஸ் போனர், வெட்டியெடுத்த பட்டாணி வேரைக் குடுவையில் வளர்த்தார். பி-காம்ப்ளெக்ஸில் ஒன்றான வைட்டமின் பி1 சேர்த்ததும் அது நன்றாக ஓடியது. 1939-இல் ஓர் அமெரிக்கத் தோட்ட இதழ் அதைப் பிடித்துக்கொண்டு, பி1 ஊற்றினால் பூ தட்டகலம் பூக்கும் என்று எழுதிவிட்டது. ஜனங்கள் கடைக்கு ஓடினார்கள். வெட்டிய வேருக்கு இலை ஏது? முழுச் செடியில் இலையே பி1-ஐத் தயாரித்து வேருக்கு அனுப்பிவிடுகிறது. 1940-லேயே சோதித்துப் பார்த்தவர்கள், பச்சைச் செடிக்குப் பலனில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

குடுவைக்குள் நடப்பதே வேறு. நம் பாஷாண் சாலை தேசிய வேதியியல் ஆய்வகத்தில் நட்கௌடா, பராஷராமி, மஸ்கரேனஸ் மூவரும் சோதனைக் குழாயில் மூங்கிலைப் பூக்க வைத்து, 1990-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். காட்டில் பல பத்தாண்டுகள் காக்க வைக்கும் பூ, குழாய்க்குள் சில மாதங்களில் வந்தது. அதற்குத் தூண்டுகோல் தேங்காய்த் தண்ணீரும் சைட்டோகைனின் ஹார்மோனும். (இதைப் படித்துவிட்டு இளநீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், நீங்களே குடியுங்கள்.) திசு வளர்ப்புக்காரர்களின் முராஷிகே-ஸ்கூக் கரைசலில்கூட பி1, லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான்.

எங்கள் கறிவேப்பிலையை அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன். கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. அது இரும்புச்சத்துக் குறை. இந்தப் பக்கத்துக் கரிசலில் சுண்ணாம்பு அதிகம்; மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்கு எட்டாது. லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), சில சொட்டு எலுமிச்சைச் சாறு கலந்து சாயங்கால வெயிலில் இலைமேல் தெளித்தோம். அடுத்த கொழுந்து பச்சையாக வந்தது.

உங்கள் செடி வெளுத்தால், மஞ்சள் கொழுந்திலா அடி இலையிலா என்று முதலில் பாருங்கள். அடி இலை என்றால் பெரும்பாலும் தழைச்சத்துதான் குறை; ஒரு பிடி மக்கிய எரு போடுங்கள். என்ன ஆயிற்று என்று படத்தோடு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்