வேகம் ஒருவருக்கு, இரைச்சல் ஊருக்கா?

பொம்மைக் கார் ஓடுகிறது. பக்கத்து வீட்டு ரேடியோ "கரகர" என்று கத்துகிறது!

இரண்டுக்கும் என்ன தொடர்பு? தொடர்பு இருக்கிறது.

இங்கிலாந்தில் ஒரு விளையாட்டு உண்டு. பலகை போன்ற பாதை. அதில் நீளமாக ஒரு பள்ளம். பள்ளத்தின் இரு பக்கமும் உலோகப் பட்டை. அதில் 12 வோல்ட் மின்சாரம் பாயும். உள்ளங்கை அளவுக் கார் ஒன்று, பள்ளத்தைப் பிடித்தபடி பறக்கும். பிரெட் பிரான்சிஸ் என்பவர் 1957-ல் "ஸ்கேலெக்ஸ்ட்ரிக்" என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சிறுவர்கள் மட்டும் அல்ல, அப்பாக்களும் இதில் மயங்கினார்கள். இன்றும் சங்கம் வைத்துப் பந்தயம் விடுகிறார்கள்.

தீப்பொறி செய்யும் வேலை

காருக்குள் குட்டி மோட்டார் இருக்கிறது. அது சுழலும்போது "பிரஷ்" உரசும். மின்சாரம் விட்டு விட்டுத் தொடும். உடனே தீப்பொறி பறக்கும்.

ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி வானொலி நிலையம்! ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானி, மின்பொறியைக் கொண்டுதான் வானொலி அலையை முதலில் உண்டாக்கிக் காட்டினார். அவர் பாடுபட்டுச் செய்ததை, இந்தப் பொம்மை சும்மாவே செய்துவிடுகிறது. வீட்டில் மிக்சி ஓடும்போது ரேடியோ இரைவதும் இதனால்தான்.

இரண்டு காவல்காரர்கள்

இந்த இரைச்சலை அடக்கக் காருக்குள் இரண்டு பொருள்களை வைக்கிறார்கள். ஒன்று, கண்டென்சர். அது இரைச்சலை வெளியே விடாமல், மோட்டாரின் பக்கமே குறுக்கு வழியில் திருப்பி விடும். மற்றது, சோக்கு என்ற சின்னக் கம்பிச் சுருள். சீராக ஓடும் மின்சாரத்தை அது விட்டுவிடும். துள்ளிக் குதிக்கும் இரைச்சலைத் தடுத்து நிறுத்தும்.

பிறர் ரேடியோவைக் கெடுக்கும் கருவிகளைக் கட்டுப்படுத்த, பிரிட்டனில் 1949-ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்தது.

ஆனால் பந்தயக்காரர்களில் சிலர் என்ன செய்கிறார்கள்? இந்தக் காவல்காரர்களை வெட்டி எறிகிறார்கள்! "இவை மின்சாரத்தைத் தின்கின்றன, வேகம் குறைகிறது" என்கிறார்கள்.

இது சரியா?

சரி அல்ல. சோக்கு தின்பது மிகமிகக் கொஞ்சம். கண்டென்சரோ, சீரான மின்சாரத்தைத் தன் வழியே போகவிடுவதே இல்லை. டயரைத் துடைத்து, பாதையில் படிந்த அழுக்கை நீக்கினால், இதைவிட அதிக வேகம் கிடைக்கும்.

ஒரு குறை மட்டும் உண்மை. சோக்கின் மெல்லிய கம்பி சில சமயம் அறுந்துவிடும். கார் நின்றுவிடும். அதற்கென்ன? புதிதாக ஒன்றை வைத்துப் பற்றவைக்கலாம். காவல்காரனுக்குக் காய்ச்சல் வந்தால், வாசல் கதவையா கழற்றுவது?

"பிரிட்டனில் 2012-ல் டெலிவிஷன் முழுவதும் டிஜிட்டல் ஆகிவிட்டதே, இனி யாருக்கு நஷ்டம்?" என்றும் கேட்பார்கள். டெலிவிஷன் மாறியது. ரேடியோ மாறிவிட்டதா? மத்திய அலையில் செய்தி கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தே வானொலியில் பேசும் "ஹாம்" அன்பர்களும் இருக்கிறார்கள்.

கெடுப்பவருக்கு இரைச்சல் கேட்காது. கேட்பவருக்கோ, கெடுப்பவர் யார் என்று தெரியாது. படுக்கையில் கிடக்கும் முதியவர் ரேடியோவைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். பழுது அதில் இல்லை. பக்கத்து வீட்டுப் பொம்மையில்!

எனவே, பந்தயச் சங்கங்கள் ஒரு விதி செய்யலாம். "எல்லாக் கார்களிலும் சோக்கும் கண்டென்சரும் இருக்கவேண்டும்" என்பதே அந்த விதி. எல்லாருக்கும் ஒரே விதி என்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அப்போது திறமைசாலி ஜெயிப்பார். பக்கத்து வீட்டுக்காரரும் நிம்மதியாகப் பாட்டுக் கேட்பார்.