முஷ்டி ஒருவருடையது, இலாபம் எவருடையது?

ஏழை வீட்டுப் பிள்ளையொருவன் தன் முஷ்டியின் வலிமையொன்றையே முதலாகக் கொண்டு வாழ்வில் உயர்ந்தான் என்ற கதை, எம் பாடசாலைகளின் பரிசளிப்பு மேடைகளில் அலுப்பின்றிச் சொல்லப்பட்டு வருகிறது. சொல்பவர் பெரும்பாலும் ஊர்ப் பிரமுகர். கேட்பவர்கள் வெயிலில் வரிசையாக இருத்தப்பட்ட பிள்ளைகள். "அவனால் முடிந்ததென்றால் உங்களால் ஏன் முடியாது?" என்ற வினாவோடு கதை முடியும். வினா செவிக்கு இனியது. ஆயினும் அதனுள்ளே நஞ்சொன்று கலந்திருக்கிறது. உயர்ந்தவன் தன் முயற்சியால் உயர்ந்தான், உயராதவன் தன் சோம்பலால் தாழ்ந்தான், ஆகவே சமுதாய அமைப்பின்மீது குறையேதும் இல்லை என்பதே அந்த நஞ்சு. இவ்வாதத்தை அதற்கு மிகவும் சாதகமான களத்திலேயே வைத்துச் சோதிக்க விரும்புகிறோம். மனிதன் தன் இரு கைகளையன்றி வேறு துணையின்றி நிற்பதாகத் தோன்றும் குத்துச்சண்டை மேடையே அக்களம்.

இந்தியத் துணைக்கண்டத்தில் தொழில்முறைக் குத்துச்சண்டையின் பெயரை வீடுதோறும் கொண்டு சென்றவர் விஜேந்தர் சிங். 1985இல் அரியானா மாநிலத்துப் பிவானி நகருக்கு அருகிலுள்ள காலுவாஸ் என்ற கிராமத்திற் பிறந்தவர். தந்தை அரசாங்கப் பேருந்துச் சாரதி. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காக மேலதிக நேரமும் வண்டி ஓட்டியவர். தமையன் குத்துச்சண்டைத் திறத்தைக் காட்டி 1998இல் இராணுவத்தில் வேலை பெற்றார். அந்த வருவாயைக் கொண்டே தம்பியின் பயிற்சி தொடர்ந்தது. 2008இல் பீஜிங் ஒலிம்பிக்கில் விஜேந்தர் வெண்கலப் பதக்கம் வென்றபோது, குத்துச்சண்டையில் இந்தியா பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவாயிற்று. அடுத்த ஆண்டு மிலானில் நடந்த உலகப் போட்டியிலும் வெண்கலம். 2009இல் கேல் ரத்னா, 2010இல் பத்மஸ்ரீ. அரியானா அரசு துணைப் பொலிஸ் அத்தியட்சகர் பதவியையும் வழங்கியது.

பரிசளிப்பு மேடைப் பேச்சாளர் இவ்விடத்தில் கைதட்டலைப் பெற்றுக்கொண்டு அமர்ந்துவிடுவார். நாம் மேலும் சில கேள்விகளைக் கேட்க வேண்டியவர்களாயிருக்கிறோம்.

இந்த முஷ்டியை உருவாக்கியவர் யார்? பிவானியில் ஜகதீஷ் சிங் என்ற பயிற்றுநர் கிராமத்துப் பிள்ளைகளைத் திரட்டிப் பயிற்றுவித்தார். பீஜிங் சென்ற 5 இந்தியக் குத்துச்சண்டை வீரர்களுள் 4 பேர் பிவானியிற் பயின்றவர்கள். ஒரே நகரிலிருந்து நால்வர் எழுந்தார்கள் என்றால், அதனைத் தனியொருவரின் அதிசயம் என்று எவ்வாறு கொள்வது? அந்நகரை மக்கள் 'சின்னக் கியூபா' என்றழைத்தமை வெறும் அலங்காரமும் அன்று. 1990ஆம் ஆண்டளவில் இந்தியா வந்து, நீண்ட காலம் தேசியக் குழுவினரைப் பயிற்றுவித்தவர் பி. ஐ. பெர்னாண்டஸ் என்ற கியூப நாட்டவர். 2012இல் துரோணாச்சாரியார் விருதைப் பெற்ற முதலாவது வெளிநாட்டுப் பயிற்றுநர் அவரே. ஆக, அரசாங்கச் சாரதியின் சம்பளம், இராணுவத்திற் பணியாற்றிய அண்ணனின் பணம், ஊர்ப் பயிற்றுநரின் உழைப்பு, பொதுப்பணத்தில் நடந்த பயிற்சி முகாம்கள், சோசலிச நாடொன்றின் அனுபவம் ஆகிய யாவும் திரண்டே அந்த ஒரு முஷ்டி உருவாயிற்று. 'தனியொருவனின் வலிமை' என்று நாம் கேட்கும் கதையில் இவர்களுள் எவருடைய பெயரும் இல்லை.

2015இல் விஜேந்தர் குவீன்ஸ்பெரி நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து தொழில்முறைக் களத்தில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பதை எட்டிக்கொண்டிருந்தது. 2016 யூலையில் டில்லித் தியாகராஜ் அரங்கில் கெர்ரி ஹோப்பை வென்று, உலகக் குத்துச்சண்டை நிறுவனத்தின் ஆசிய பசிபிக் 'சுப்பர் மிடில்' எடைப்பட்டத்தைப் பெற்றார். 2022 வரை அவர் ஆடிய போட்டிகள் 14, வெற்றிகள் 13, தோல்வி 1. திறமையும் துணிவும் இன்றி இது கைகூடியிராது. அதனை மறுப்பது எம் நோக்கமன்று.

ஆனால் இத்தொழில் இயங்கும் முறையை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். உலக அளவில் பட்டம் வழங்கும் பெரிய அமைப்புகள் நான்கு உள்ளன. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது பதினேழு எடைப்பிரிவுகள். அவற்றின் கீழே கண்டம், வட்டாரம் எனக் கிளைவிடும் சிறு பட்டங்கள். பட்டம் பெருகப் பெருகப் 'பட்டப் போட்டி' என்று விளம்பரம் செய்யத்தக்க இரவுகளும் பெருகும். பட்டத்துக்கு ஆடும் வீரர் தம் ஊதியத்தில் ஒரு பங்கை அவ்வமைப்புக்குக் கட்டணமாகச் செலுத்த வேண்டும். அமைப்பாளர், முகவர், தொலைக்காட்சி நிறுவனம், நுழைவுச்சீட்டு விற்பனையாளர் என்ற வரிசையில் உடலை வருத்துபவர் ஒருவரே; ஊதியத்தைப் பங்கிடுபவர் பலர்.

எம் மலைநாட்டவருக்கு இது புதிய செய்தியா? 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நாட்டப்பட்ட காலந்தொட்டு இதைத்தானே கண்டு வருகிறோம்? கொழுந்து பறிப்பவர் ஒருவர். கொழும்பு ஏலத்தில் விலை பேசுபவர் இன்னொருவர். அழகிய பெட்டியில் தம் பெயரைப் பொறித்து விற்பவர் வேறொருவர். பறித்தவளின் கையைப் பெட்டியின் மீது படமாகப் போடுவார்கள். அவள் சம்பளத்தைப் பற்றிப் பெட்டி பேசாது. குத்துச்சண்டை விளம்பரத்திலும் முஷ்டியின் படமே பெரிதாக இருக்கிறது.

வெல்பவர் நிலை இதுவானால், தோற்பவர் நிலை யாது? விஜேந்தர் வென்ற எதிராளிகளுள் மூவர் கானா நாட்டவர், ஒருவர் தன்சானியர். 2019இல் துபாயில் அவரை எதிர்த்து நின்ற கானாவின் சார்ள்ஸ் அதாமு நாற்பது வயதைக் கடந்தவர். வளர்த்தெடுக்க வேண்டிய வீரருக்கு ஏற்ற எதிராளிகளைத் தேர்ந்து அழைப்பது இத்தொழிலில் ஒளிவு மறைவற்ற வழக்கம். ஆபிரிக்க நகரொன்றின் ஏழைத் தெருவிலிருந்தும் ஒரு சிறுவன் "உன்னாலும் முடியும்" என்ற அதே உபதேசத்தைக் கேட்டுத்தான் இத்தொழிலுக்கு வந்திருப்பான். ஒருவருடைய 13 வெற்றிகள் என்பது பிறருடைய 13 தோல்விகளே. அடிகளின் கணக்கோ வென்றவர் உடலிலும் எழுதப்படுகிறது. தலையில் ஓயாது அடிவாங்கும் குத்துச்சண்டை வீரர்களின் மூளை பழுதுறுவதை 1928இலேயே ஹரிசன் மாட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எடுத்துரைத்தார். சுரங்கத்திலும் ஆலையிலும் விபத்து நேர்ந்தால் நட்டஈடு கேட்கச் சட்டமுண்டு. மேடையில் விழுந்தவனுக்குப் பெரும்பாலான இடங்களில் சங்கமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை.

முஷ்டிக்கு விலை கொடுத்தவர்கள் அதனைக் கொண்டு வேறு காரியங்களையும் சாதிக்க முயல்வார்கள். 2017 ஓகஸ்ட் 5ஆம் திகதி மும்பாயில் விஜேந்தர் சீன வீரர் சுல்பிகார் மைமைதியாலியைச் சந்தித்தார். டோக்லாம் எல்லையில் இரு நாட்டுப் படைகளும் எதிரெதிரே நின்ற காலம் அது. கூலி பெற்று ஆடும் இரு தொழிலாளரின் போட்டி, இரு தேசங்களின் போர்போல் விற்கப்பட்டது. வென்றபின் விஜேந்தர் சொன்னது யாது? எல்லையிற் பதற்றம் வேண்டாம். சமாதானத்தின் பொருட்டு இப்பட்டத்தைச் சீன வீரருக்கே கொடுத்துவிடுகிறேன் என்றார். நுழைவுச்சீட்டு வாங்கிப் பகைமையைக் காணச் சென்றவர்களின் முகத்தில் அறைந்த சொல் இது. அந்தச் சாரதியின் மகனை நாம் போற்றுகிறோம்.

2020 திசெம்பரில் அவர் மேலும் ஒருபடி முன்சென்றார். டில்லியின் சிங்கு எல்லையில் குளிரிற் கிடந்து போராடிய விவசாயிகளிடம் வந்து, மூன்று வேளாண் சட்டங்களும் மீளப்பெறப்படாவிடில் தம் கேல் ரத்னா விருதைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார். அரியானாக் கிராமத்தின் குரல் அவர் வாயில் ஒலித்தது. மூன்று மாதங்கள் கழித்து, 2021 மார்ச்சில், அவருடைய அடுத்த போட்டி எங்கே நடந்தது? கோவாவில், சூதாட்டக் கப்பலொன்றின் மேற்றளத்தில். விவசாயிகள் அப்போதும் வீதியிலேயே இருந்தார்கள். அங்கே ரஷ்யாவின் ஆர்டிஷ் லொப்சான் ஐந்தாம் சுற்றில் அவரை வீழ்த்தினார். மனம் எவ்விடத்தில் நின்றாலும் தொழில் முதலாளி காட்டும் இடத்திலேதான் நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அரசியலும் அவ்வாறே அவரைக் கையாண்டது. 2019இல் காங்கிரஸ் அவரைத் தென்டில்லி வேட்பாளராக நிறுத்தியது, மூன்றாமிடமே கிடைத்தது. 2023இல் மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக நீதி கேட்டு யந்தர் மந்தரிற் கூடியபோது அவர்களுக்கு ஆதரவாக நின்றார். 2024 ஏப்ரலில், விவசாயிகளையும் அவ்வீராங்கனைகளையும் வீதியில் நிறுத்திய அதே ஆளுங்கட்சியாகிய பாரதிய ஜனதாவிலே சேர்ந்தார்.

இதனைக் கண்டு எம் நண்பர் சிலர் "துரோகி" என்று ஒரு சொல்லில் தீர்ப்புக் கூறிவிட்டு ஓய்ந்துவிடுகின்றனர். அச்செயலை நாமும் கண்டிக்கிறோம். எனினும் வசைமொழி ஆராய்ச்சிக்கு ஈடாகாது. தனியொருவனின் முஷ்டி எல்லாம் செய்யும் என்று பரிசளிப்பு மேடை நம்புகிறது. தனியொருவனின் மனச்சாட்சி எல்லாம் செய்யும் என்று இந்நண்பர்கள் நம்புகின்றனர். இரண்டும் ஒரே மயக்கத்தின் இரு பக்கங்கள். மனச்சாட்சியின் பக்கம் உறுதியாக நின்றவர்க்கு நேர்ந்ததை முகமது அலியின் வரலாறு காட்டும். 1967 ஏப்ரல் 28ஆம் திகதி, வியட்நாம் போருக்கான படைச்சேர்ப்பை அவர் மறுத்தார். உலகப் பட்டமும் ஆடும் அனுமதியும் பறிக்கப்பட்டன. தம் உடல் உச்ச வலிமையிலிருந்த மூன்றரை ஆண்டுகளை அவர் மேடைக்கு வெளியே கழித்தார். 1971இல் உயர் நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. இழந்த ஆண்டுகளை எந்த மன்றமும் திருப்பித் தரவில்லை. எவரையும் வீழ்த்த வல்ல வீரரின் இடுப்பிலிருந்து பட்டத்தைக் காகிதத்தில் எழுதிய உத்தரவொன்று கழற்றியது. பட்டம் அவருடையதாயிருந்தால் அது எவ்வாறு சாத்தியமாகும்?

வேறு வழி இல்லையா என்று கேட்போர் உண்டு. பீஜிங்கின் அரையிறுதியில் விஜேந்தரை வென்றவர் கியூபாவின் எமிலியோ கொரேயா. அந்நாடு 1962இல் தொழில்முறை விளையாட்டை ஒழித்து, பயிற்சியைப் பாடசாலைகளூடாகப் பொதுவுடைமையாக்கிற்று. 1972, 1976, 1980 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற தியோபிலோ ஸ்டீவன்சன், அமெரிக்க அமைப்பாளர்களின் இலட்சக்கணக்கான டொலர்களை மறுத்தார். பிற்காலத்திற் கியூப வீரர் பலர் நாட்டைவிட்டுச் சென்றமையும், 2022இல் அந்நாடே தன் வீரர்களைத் தொழில்முறை மேடைக்கு அனுப்பத் தொடங்கியமையும் உண்மை. உலகச் சந்தையின் நடுவே, பொருளாதாரத் தடையின் கீழ், சிறுதீவொன்று எவ்வளவு காலம் தனித்து நிற்க முடியும் என்பது வேறு கேள்வி. ஆனால் பொதுப்பயிற்சி உலகத்தரமான வீரர்களை உருவாக்க வல்லது என்பது நிரூபிக்கப்பட்டுவிட்டது. அந்த நிரூபணத்தை எந்தப் பணமும் அழித்துவிட இயலாது.

எம் தீவின் கணக்கையும் பார்ப்போம். 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டில் பார்னி ஹென்றிக்கஸ் குத்துச்சண்டையில் தங்கம் வென்றார். அடுத்த தங்கத்துக்கு 72 ஆண்டுகள் சென்றன. 2010இல் டில்லியில் இலங்கையரொருவர் வென்ற அப்பதக்கமும் ஊக்கமருந்துச் சோதனையின்பின் பறிக்கப்பட்டது. காரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. குத்துச்சண்டை இங்கே நகரத்துப் பெருங் கல்லூரிகள் சிலவற்றிலும் ஆயுதப்படைகளிலும் அடங்கிவிட்டது. கெலிஓயாவிலிருந்து மலையேறும் பாதைகளில் உள்ள தோட்டப் பாடசாலைகளைப் பாருங்கள். சரிவில் வெட்டிய ஒரு துண்டு நிலமே பல இடங்களில் முற்றமும் மைதானமும். உடற்கல்விப் பாடவேளை பரீட்சைப் பாடங்களுக்குத் தாரைவார்க்கப்படுகிறது. ஓடுவதற்கு இடமில்லாத பிள்ளையிடம் "ஓடி முன்னேறு" என்று உபதேசிப்பது கொடுமையிலும் கொடுமை.

ஆசிரியர்களாகிய நாம் செய்யத்தக்கது யாது? வீரக்கதைகளைச் சொல்ல வேண்டாம் என்று கூறவில்லை. முழுக்கதையையும் சொல்வோம். சாரதியின் சம்பளத்தையும், பயிற்றுநரின் உழைப்பையும், தோற்றவனின் பெயரையும், இலாபம் சென்ற இடத்தையும் சேர்த்தே சொல்வோம். ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் சமதரையான மைதானமும் பயிற்சிபெற்ற உடற்கல்வி ஆசிரியரும் வேண்டும் என்பதைத் தொழிற்சங்கக் கோரிக்கைகளில் ஒன்றாக்குவோம். விளையாட்டிற் காயமுற்றவரின் மருத்துவமும் வாழ்வும் பொதுப் பொறுப்பென வலியுறுத்துவோம். பரீட்சைக்காகப் பறிக்கப்படும் உடற்கல்விப் பாடவேளையை நாளையே, நம் கையிலுள்ள நேரசூசியிலேயே, பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்கலாம். அதற்கு எந்த அமைச்சின் சுற்றறிக்கையும் தேவையில்லை.

விளையாட்டு பிள்ளையின் உரிமை. வறுமையிலிருந்து தப்பியோடும் ஒற்றையடிப் பாதையாக அதனைக் காட்டுபவர்கள், அப்பாதையிற் செல்ல முடியாத ஆயிரம் பேரை வறுமையிலேயே விட்டுவிடச் சம்மதித்தவர்கள். நாம் அதற்குச் சம்மதிக்கவில்லை.