அவள் உங்கள் பழைய காதலி அல்ல

நானும் அந்தக் கதையைக் கட்டியிருக்கிறேன். அதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் சண்டைக்கு வர வேண்டும்.

இரண்டு வருடம் முன்பு, மதுரையிலிருந்து சென்னைக்கு இரவுப் பேருந்து. பக்கத்து இருக்கையில் ஒரு கல்லூரி மாணவி. தூக்கம் வராமல் நான் புரண்டுகொண்டிருந்ததைப் பார்த்து, "இதக் கேளுங்கக்கா, ஜப்பான் பாட்டு" என்று இயர்போன் ஒன்றை நீட்டினாள். மாரியா தக்கெயுச்சி பாடிய 'பிளாஸ்டிக் லவ்'. அதுவும் மூலப் பாட்டல்ல. ஐந்து நிமிடம்கூட இல்லாத பாட்டை யாரோ ஒரு ரசிகர் எட்டு நிமிடத்துக்கு இழுத்துவிட்ட ரீமிக்ஸ். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வருவதற்குள் என்னிடம் ஒரு முழுக்கதை தயார். 1985, டோக்கியோ, மழை, ஒரு கார். அவன் ஓட்டுகிறான். நான் பக்கத்தில். பிறகு நான் எப்படியோ இல்லாமல் போகிறேன். அவன் தலை நரைத்த பிறகு இந்தப் பாட்டைக் கேட்டு அழுகிறான்.

என் சொந்தக் கற்பனையில்கூட ஸ்டியரிங் என் கையில் இல்லை, பாருங்கள். கதையின் உச்சக்கட்டமே நான் காணாமல் போவதுதான்.

இது எனக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. இந்த மாதிரி ரீமிக்ஸ்களோடு கூடவே ஒரு பொய் நினைவும் விற்பனைக்கு வருகிறது. இன்றைய பாப் பாட்டுக்கு எண்பதுகளின் சின்தசைசரும் டிரம் ஒலியும் மாட்டி, 'இது அந்தக் காலத்தில் வந்து தொலைந்துபோன பாட்டு' என்று கதைவிடுவது ஒரு வகை. நிஜமான பழைய பாட்டை நீட்டி, வெட்டி, வேகம் கூட்டி, அதற்கு வாழாத வாழ்க்கை ஒன்றை முன்கதையாக எழுதுவது இன்னொரு வகை. எழுதுகிறவர் பிறந்தது 2003, நினைவோ 1985. நான் படித்தவற்றில் பெரும்பாலும் ஒரே கதைதான்: ஓர் ஆண், ஓர் இரவு, தொலைந்துபோன ஒரு பெண். பாடுகிற குரல் அந்தப் பெண்ணுடையதாகிவிடுகிறது. பாடியவள், எழுதியவள், இசையமைத்தவள் என்று நிஜமாக ஒருத்தி இருப்பது கதைக்கு இடைஞ்சல்.

அந்த ஒருத்தியைப் பார்ப்போம். தக்கெயுச்சி 1978இல் பாட வந்தார். 1981இல் மேடையை விட்டு விலகினார். 1982இல் இசைக்கலைஞர் தத்சுரோ யமஷிதாவைக் கல்யாணம் செய்துகொண்டார். நம் ஊரில் என்றால் 'கல்யாணத்துக்குப் பிறகு பாடுவதை நிறுத்திவிட்டார்' என்ற ஒற்றை வரியோடு கதை முடிந்திருக்கும். அவர் வீட்டில் இருந்தபடியே மற்றவர்களுக்குப் பாட்டு எழுதினார். 1984இல் 'வெரைட்டி' தொகுப்போடு திரும்பி வந்தார். தயாரித்தது கணவர்தான். ஆனால் அதில் உள்ள எல்லாப் பாட்டுக்கும் வரிகளும் மெட்டும் அவருடையவை. ஜப்பானில் விற்பனைப் பட்டியலில் முதலிடம். அதில் ஒன்றுதான் 'பிளாஸ்டிக் லவ்'.

பாட்டு என்ன சொல்கிறது? காதலில் அடிபட்ட ஒருத்தி, இனி காதல் எனக்கு விளையாட்டுதான் என்று முடிவெடுக்கிறாள். ஆடுகிறாள், ஆளை மாற்றுகிறாள், என்னிடம் உண்மையாக இருக்க முயலாதே என்று எச்சரிக்கிறாள். உள்ளே வலி இல்லாமல் இல்லை. ஆனால் விளையாட்டின் விதியை வகுப்பது அவள். 'என்னை நேசிக்காதே' என்று சொல்கிற பாட்டை எடுத்து, 'அவள் என்னை எப்படி நேசித்தாள் தெரியுமா' என்று கதை எழுதுகிறார்கள்! கேட்காமலே அவள் வாயைப் பொத்துவது இதுதான்.

அந்தப் படத்தின் கதை இன்னும் வேடிக்கை. ரசிகர் 2017இல் யூடியூபில் ஏற்றிய வடிவத்தில் கறுப்பு வெள்ளையில் சிரிக்கிற ஒரு முகம் இருக்கிறது. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பாதிப் பேர் உருகினார்கள். அது இந்தப் பாட்டுக்கு எடுத்த படமே அல்ல. 1980இல் வேறொரு பாட்டுக்காக, லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் புகைப்படக்காரர் ஆலன் லெவன்சன் எடுத்தது. அவர் காப்புரிமை கேட்டதும் அந்தக் காணொளி நீக்கப்பட்டது. பின்னர் திரும்ப வந்தது. நியாயம், அது அவர் உழைப்பு. படத்துக்கு உரிமையாளர் உண்டு, ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் உண்டு. சிரித்தவள் என்ன நினைத்துச் சிரித்தாள் என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

'ரசிகர்கள் இல்லையென்றால் அந்தப் பாட்டு செத்துப்போயிருக்கும்' என்பார்கள். பாதி உண்மை. 1985இல் தனித்தட்டாக வந்தபோது சுமார் 10,000 பிரதிதான் விற்றது. ரசிகர் ஏற்றிய வடிவத்தைக் கோடிக்கணக்கில் கேட்டார்கள். அதன் பிறகே, 2019இல், நிறுவனம் அந்தப் பாட்டுக்கு அதிகாரபூர்வக் காணொளி எடுத்தது. நன்றி சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் 'மறந்துபோன பாடகியை நாங்கள் கண்டெடுத்தோம்' என்பது கடைந்தெடுத்த பொய். 1994இல் வந்த அவருடைய தேர்ந்தெடுத்த பாடல்களின் தொகுப்பு ஜப்பானில் 30 லட்சத்துக்கும் மேல் விற்றது. அவர் எங்கும் தொலையவில்லை. தொலைந்த பெண்தான் கண்டெடுக்கச் சுகமானவள் என்பதால் தொலைத்துவிட்டார்கள்.

அப்புறம் அந்த 1985. நியான் வெளிச்சம், கைநிறையப் பணம், கவலையில்லாத இளமை. யாருடைய இளமை? கல்யாணமானால் பெண் வேலையை விட வேண்டும் என்ற நிறுவன விதி செல்லாது என்று டோக்கியோ நீதிமன்றம் 1966லேயே சொல்லியிருந்தது. பெண்களை மட்டும் ஐந்து வருடம் முன்னதாக ஓய்வுபெறச் செய்த நிஸானின் விதியை உச்ச நீதிமன்றம் 1981இல்தான் ரத்து செய்தது. வேலையில் சம வாய்ப்புக்கான சட்டம் 1985இல் நிறைவேறி 1986 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதிலும் ஆளெடுப்பிலும் பதவி உயர்விலும் சமமாக நடத்த நிறுவனங்கள் 'முயல வேண்டும்' என்று மட்டுமே இருந்தது. முயலாவிட்டால் தண்டனை இல்லை. அலுவலகத்தில் தேநீர் ஊற்றிக்கொடுத்துவிட்டு, கல்யாணம் வரை மட்டுமே உனக்கு இங்கே இடம் என்ற சாடையை விழுங்கிக்கொண்டு இரவில் டிஸ்கோவுக்குப் போன பெண்ணுக்கு, 'விதியை நான் வகுக்கிறேன்' என்ற ஒரு பாட்டு என்னவாக இருந்திருக்கும்? அந்த முன்கதையை எழுதுங்களேன், படிக்கிறேன்.

கற்பனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரீமிக்ஸும் கூடாதென்று சொல்லவில்லை. அந்த எட்டு நிமிட வடிவத்தை இப்போதும் பாத்திரம் தேய்க்கும்போது போட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோபம், வாழாத வாழ்க்கையைக் கற்பனை செய்யும்போதும் நமக்கு இவ்வளவு சின்ன இடம்தான் தோன்றுகிறதே என்பதில். எந்த ஊரிலும் எந்த வருடத்திலும் இருக்கலாம், யாராகவும் இருக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டால், நேராகப் போய் ஒருவன் காரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சாகிறோம்.

போன மாதம் அந்தப் பேருந்துத் தோழி போன் செய்தாள். பாட்டின் பொருளைத் தேடிப் படித்ததையும், என் கதையை மாற்றிவிட்டதையும் சொன்னேன். இப்போது அவள் விடியும்வரை ஆடுகிறாள், கால் வலிக்கச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் ரயிலுக்கு நடக்கிறாள், மறுநாள் வேலைக்குப் போகிறாள்.

"அப்ப அவனுக்கு என்னக்கா ஆச்சு?"

"தெரியலம்மா. பாட்டுல அவன் பேருகூட இல்ல."