கூடையின் நிறை

தேயிலைத் தோட்டத்திற் கொழுந்து நிறுப்பதை நம் ஊவா வாசகர்கள் கண்டிருப்பர். தராசு காட்டுவது முழுவதும் கொழுந்தின் நிறையன்று. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழித்த பின்னரே கணக்கிற் பதிவர். அக்கழிவு சற்று மிகுந்தாலும் ஒருத்தியின் கூலி குறையும்.

வானசாத்திரிகளுக்கும் இத்தொல்லை உண்டு. இராஜஸ்தானத்து அபு மலையில், அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தார் 'பாரஸ்' என்னும் நிறமாலைக் கருவியை 1.2 மீற்றர் தொலைநோக்கியுடன் இணைத்து, வேற்றுச் சூரியர்களின் கிரகங்களைத் தேடினர். அங்கே மழைக்காலத்தில் நோக்கல் இயலாது. நமக்கு வானம் வெளுத்திருக்கும் ஆடி, ஆவணியில் அவர்களுக்கு மேகமூட்டம்!

கிரகம் கண்ணுக்குத் தோன்றாது. ஆயினும் அது தன் நட்சத்திரத்தைச் சிறிது அசைக்கும். அதனால் ஒளியின் கோடுகள் இம்மியளவு பெயரும். வியாழன் நம் சூரியனை அசைப்பது வினாடிக்கு ஏறத்தாழ 12 மீற்றர், பதுளைப் பாதையில் ஓடும் பஸ்ஸின் வேகமே. நோக்குபவரைச் சுமக்கும் பூமியோ வினாடிக்கு 30 கிலோமீற்றர் விரைகிறது. கொழுந்தைக் காட்டிலும் கூடை ஈராயிரம் மடங்குக்கும் மேல் பாரமென்றால், கழிப்பவர் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்!

ஆதலின் ஒவ்வொரு படத்துக்கும் நேரம் துல்லியமாகக் குறிக்கப்படும். ஒரு நிமிடம் பிசகினால் வினாடிக்கு இரண்டு மீற்றர் வரை பிழை புகலாம். கருவியே நகர்ந்தால் காட்டிக்கொடுக்க, தோரியம்-ஆகன் விளக்கின் கோடுகளையும் அதே படத்திற் பதிப்பர். மூலப் பதிவில் எவரும் கைவைத்தலாகாது. கழித்த கணக்கு வேறாக இருக்கும். இவ்வாறு பல இரவுகளின் பதிவுகளைச் சேர்த்தே, சுமார் 600 ஒளியாண்டுக்கு அப்பால், 19.5 நாளில் தன் சூரியனைச் சுற்றும் கிரகமொன்றை அவர்கள் 2018இல் அறிவித்தனர். அதன் திணிவு பூமியைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு.

மூலப் பதிவைக் காப்பதே இவற்றுள் தலையாயது என்பது நம் கருத்து. 1991இல் அன்ட்ரூ லைன் என்னும் ஆங்கிலேயரும் துணைவரும், துடிப்பு நட்சத்திரமொன்றை ஆறு மாதத்துக்கொருமுறை ஒரு கிரகம் சுற்றுவதாக வெளியிட்டனர். ஆறு மாதம் என்பதே ஐயத்துக்குரியது. அது நம் ஆண்டிற் பாதியன்றோ? நட்சத்திரத்தின் இடத்தைத் திருத்திப் பழைய பதிவுகளை மீளக் கணக்கிட்டபோது கிரகம் மறைந்தது. பூமியின் நீள்வட்டப் பாதையைச் சரிவரக் கழியாததே அதன் பிறப்பு. 1992 ஜனவரியில் அட்லாண்டா நகரச் சபையின் முன் லைன் தாமே எழுந்து அதனை உரைத்தார். சபையோர் நெடுநேரம் கரவொலி செய்தனர். அவரையடுத்துப் பேசியவர் போலந்து நாட்டு வோல்ஷ்சான். வேறொரு துடிப்பு நட்சத்திரத்தைச் சுற்றுவனவாக அவர் கூறிய கிரகங்கள் இன்றளவும் பட்டியலில் உள்ளன.